எந்த முனைக்கு எந்த முனை?

வடிவியல் விடைத்தாள் ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது படத்தை அல்ல. வலது ஓரத்தில் "ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்) விதிப்படி" என்று எழுதியிருக்கும் காரணத்தையும் அல்ல. "ஆகவே முக்கோணம் கசட, முக்கோணம் தபற இரண்டும் சர்வசமம்" (வடிவிலும் அளவிலும் ஒன்றே) என்று ஒரு வரி வருமே, அந்த வரியில் எழுத்துகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்றுதான் பார்ப்பேன். எழுதியவர் நிரூபணத்தைப் புரிந்து எழுதினாரா, மனப்பாடமாக இருந்ததை இறக்கி வைத்தாரா என்பது பெரும்பாலும் அந்த ஆறு எழுத்துகளிலேயே தெரிந்துவிடும். (வல்லின எழுத்துகள் ஆறும் இரண்டு முக்கோணங்களுக்குக் கணக்காகப் போதுமானவை. ஆகவே இங்கே முனைகளுக்கெல்லாம் அவையே பெயர்.)

கசட, தபற சர்வசமம் என்று எழுதினால் க-வுக்கு த, ச-வுக்கு ப, ட-வுக்கு ற என்று மூன்று ஜோடிகளை அறிவித்தாகிவிட்டது. கச = தப, சட = பற, கட = தற. கோணங்கள் க, ச, ட மூன்றும் முறையே த, ப, ற ஆகியவற்றுக்குச் சமம். ஆறு சமன்பாடுகள் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. அதே இரண்டு முக்கோணங்களை வைத்துக்கொண்டு "கசட, பதற சர்வசமம்" என்று எழுதிப் பாருங்கள். கச = பத என்பதும், கோணம் ட = கோணம் ற என்பதும் மட்டுமே தப்பும்; மற்ற நான்கும் வேறு கூற்றுகளாகிவிடும். மூன்று முனைகளை மூன்று முனைகளோடு ஜோடி சேர்க்க ஆறு வழிகள் உண்டு. பக்கங்கள் மூன்றும் வெவ்வேறான முக்கோணத்தில் அவற்றில் ஒன்றே ஒன்றுதான் உண்மை.

இதை எழுத்துப்பிழை போலக் கருதி, அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு படங்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன என்பதா சர்வசமம்? இந்த முனை அந்த முனையில் போய் உட்காரும் என்று சொன்னால்தான் சர்வசமம். ஜோடியைச் சொல்லாதவரை எதையும் சொன்னதாகாது.

நம்ப மறுப்பவர்களுக்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு முக்கோணத்துக்கு மூன்று பக்கங்கள், மூன்று கோணங்கள், ஆக ஆறு அளவுகள். இரண்டு முக்கோணங்களில் இந்த ஆறில் ஐந்து சமமாக இருக்கின்றன. அவை சர்வசமமா? வகுப்பே ஒரே குரலில் ஆம் என்று சொல்லும். மூன்று சமமாக இருந்தாலே போதும் என்று படித்தவர்களுக்கு ஐந்து என்பது தேவைக்கு மேல் அல்லவா?

முதல் முக்கோணத்தின் பக்கங்கள் 8, 12, 18. இரண்டாவதன் பக்கங்கள் 12, 18, 27. இரண்டுமே வரையக்கூடியவைதான்: 8-ம் 12-ம் சேர்ந்து 20, அது 18-ஐவிடப் பெரிது, 12-ம் 18-ம் சேர்ந்து 30, அது 27-ஐவிடப் பெரிது. முதலாவதன் ஒவ்வொரு பக்கத்தையும் ஒன்றரையால் பெருக்கினால் இரண்டாவது வந்துவிடுகிறது. ஆகவே இவை வடிவொத்தவை. கோணங்கள் மூன்றும் சமம். பக்கங்களில் 12 இரண்டிலும் இருக்கிறது, 18-ம் இரண்டிலும் இருக்கிறது. ஐந்து சமம் ஆகிவிட்டது. ஆனால் ஒன்றின் சுற்றளவு 38, மற்றதன் சுற்றளவு 57.

கோட்டை விட்ட இடம் எது? முதல் முக்கோணத்தில் 12 நடுத்தரப் பக்கம். இரண்டாவதில் அதுவே மிகச் சிறிய பக்கம். முதலாவதில் 12-க்கு எதிரே இருக்கும் கோணம் வேறு, இரண்டாவதில் அதற்கு எதிரே இருக்கும் கோணம் வேறு. எண்கள் சமம், ஆனால் அவை உட்கார்ந்திருக்கும் இடங்கள் ஒத்தவை அல்ல. கோணங்களைக் கொண்டு ஜோடி சேர்த்தால் 8-க்கு இணை 12, 12-க்கு இணை 18, 18-க்கு இணை 27. ஒரு ஜோடிகூடச் சமமில்லை. பக்கங்கள் ஒரே விகிதத்தில் ஏறிக்கொண்டு போகும் எந்த முக்கோணத்தை எடுத்தாலும் இப்படி ஒரு இரட்டையை உண்டாக்கலாம், அந்த விகிதம் சுமார் 1.618-க்குக் கீழே இருக்கும்வரை. அதைத் தாண்டினால் சிறிய பக்கங்கள் இரண்டும் சேர்ந்தும் பெரிய பக்கத்தை எட்டாது. பொன் விகிதம் இங்கே ஏன் வந்து நிற்கிறது என்பவர்கள் விகிதத்தை வி என்று வைத்து, 1 + வி > வி² என்ற சமனின்மையைத் தீர்த்துப் பார்க்கலாம்.

எந்த மூன்று அளவுகள் சமமானால் சர்வசமம் என்று சொல்லும் விதிகளை எல்லோரும் அறிவார்கள் (ப என்றால் பக்கம், கோ என்றால் கோணம்): ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, அதன் ஒட்டுறவான கோ-கோ-ப, செங்கோண முக்கோணங்களுக்கு மட்டும் செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்). இவை ஒரே கட்டத்துக்குள் வரிசையாக அச்சாவதால் எல்லாவற்றுக்கும் ஒரே தகுதி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் ப-கோ-ப தான் மூத்தது. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தொகுத்த 'எலிமெண்ட்ஸ்' நூலின் முதல் புத்தகத்தில் அது 4-வது முன்மொழிவு (தேற்றம்). ப-ப-ப 8-வதாக வருகிறது. கோ-ப-கோவும் கோ-கோ-பவும் 26-வதில் சேர்ந்து வருகின்றன. இதில் கோ-ப-கோவின் பழமை பற்றி ஒரு செய்தி உண்டு: கடலில் நிற்கும் கப்பல்களின் தூரத்தைக் கரையிலிருந்தே கணக்கிட்ட பழங்கிரேக்க அறிஞர் தேல்ஸுக்கு இந்த உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்று, அரிஸ்டாட்டிலின் மாணவரான யூடிமஸ் கருதியதாக, கி.பி. 5-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் புரோக்ளஸ் எழுதிவைத்திருக்கிறார்.

ப-கோ-ப-வை நிரூபிக்க யூக்ளிட் ஒரு முக்கோணத்தைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைக்கிறார். க-வை த-வின் மேல் வைத்து, கச-வை தப-வின் திசையில் கிடத்துகிறார். நீளம் சமம் என்பதால் ச போய் ப-வின் மேல் விழுகிறது. கோணம் சமம் என்பதால் கட, தற-வின் மேல் படிகிறது. நீளமும் சமம் என்பதால் ட, ற-வில் விழுகிறது. மிச்சமிருக்கும் பக்கம் பொருந்தாமல் வேறு வழியில்லை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு வடிவத்தை இடம் மாற்றினால் அதன் அளவுகள் மாறாது என்று, நிரூபணமின்றி அவர் ஏற்றுக்கொண்டு தொடங்கும் அடிகோள்கள் எதிலும் இல்லை. இந்த ஓட்டை பின்னால் வந்தவர்களின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. 1899-இல் வடிவியலின் அடித்தளத்தைத் திருத்திக் கட்டிய ஜெர்மன் கணித அறிஞர் டேவிட் ஹில்பர்ட், அதை நிரூபிக்கும் முயற்சியையே விட்டுவிட்டு ப-கோ-ப-வின் சாரத்தை அடிகோளாக வைத்துக்கொண்டார். ஹில்பர்ட்டின் நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் வகுப்பில் யூக்ளிட்டின் வழியைத்தான் சொல்வேன். தூக்கி வைக்கிற ஆள் எந்த முனையை எந்த முனையில் வைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியே தீர வேண்டும், அதற்காக.

பட்டியலில் இடம் கிடைக்காத ஒன்றுதான் எனக்கு அதிகம் சுவாரசியமானது: ப-ப-கோ. கோணம் இரண்டு பக்கங்களுக்கும் இடையில் இல்லாமல் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் நிலை. "இது செல்லாது" என்ற ஒரு வரியோடு இதை விட்டுவிடக் கூடாது. காம்பஸை எடுத்து வரைந்து பார்க்க வேண்டும். ஒரு கிடைக்கோடு போட்டு அதன் இடது முனையைக் க என்று வையுங்கள். க-வில் 30 டிகிரியில் மேல்நோக்கி ஒரு கோடு. அதில் 10 செ.மீ. தூரத்தில் ச. இப்போது ச-வில் காம்பஸ் முள்ளை ஊன்றி 6 செ.மீ. ஆரத்தில் ஒரு வில் வரைந்தால் அது கிடைக்கோட்டை இரண்டு இடங்களில் வெட்டும். இரண்டுக்குமே ட என்று பெயர் சூட்டிக்கொள்ளத் தகுதி உண்டு. கோணம் 30, பக்கங்கள் 10, 6 என்ற அதே விவரத்துக்கு ஒரு ஒல்லி முக்கோணமும் ஒரு பருமன் முக்கோணமும் கிடைத்துவிட்டன.

ஆரத்தை மாற்றினால் கதை மாறும். 5 செ.மீ. என்றால் வில் கோட்டைத் தொட்டுவிட்டுப் போகும். அங்கே செங்கோணம், ஒரே முக்கோணம். 4 செ.மீ. என்றால் எட்டவே எட்டாது. 10 செ.மீ. ஆக்கினால் இரண்டு வெட்டுப்புள்ளிகளில் ஒன்று க-வின் மேலேயே விழுந்து வீணாகிவிடும். அதற்கு மேல் கூட்டினால் அது க-வுக்கு இடப்புறம் தள்ளிப்போய்விடும். மறுபடியும் ஒரே முக்கோணம்தான். ஆகவே ப-ப-கோ முழுப் பொய் அல்ல. கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சிறியதாக இல்லாத இடங்களில் அது தாராளமாகச் செல்லும். செங்கோணத்துக்கு எதிரே இருப்பது கர்ணம். அதுதான் எப்போதும் பெரிய பக்கம். செ-க-ப என்று தனிப் பெயரோடு நாம் படிப்பது ப-ப-கோவின் இந்தப் பாதுகாப்பான பகுதியில் ஒரு துண்டுதான். விரிகோணத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை.

இனி இருசமபக்க முக்கோணம். கச = கட என்றால் கோணம் ச = கோணம் ட என்று நிரூபிக்க வேண்டும். பெரும்பாலோர் க-விலிருந்து அடிப்பக்கத்துக்கு ஒரு கோட்டை இறக்குவார்கள். "அது என்ன கோடு?" என்று கேட்டால், அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக, அதன் நடுப்புள்ளி வழியாக, உச்சிக்கோணத்தை இருசமமாக வெட்டிக்கொண்டு போகும் கோடு என்று பதில் வரும். மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒரே ஆளின் தலையில் கட்டியாகிவிட்டது. க வழியாகக் கோடு வரையும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போடலாம். நடுப்புள்ளியோடு சேர்த்தால் ப-ப-ப. கோணத்தை இருசமமாக வெட்டினால் ப-கோ-ப. செங்குத்தாக இறக்கினால் செ-க-ப. எதைத் தேர்ந்தாலும் மற்ற இரண்டும் முடிவில் வந்து சேரும். தொடக்கத்திலேயே அவற்றைக் கடன் வாங்கக் கூடாது. மூன்றாவது வழியில் இன்னொரு வம்பும் இருக்கிறது. செ-க-ப விதியையே பல இடங்களில் இருசமபக்கத் தேற்றத்தைக் கொண்டுதான் நிரூபிக்கிறார்கள். அப்படிப் படித்தவர் அதைக் கொண்டு இதை நிரூபித்தால் வட்டத்தில் சுற்றுகிறார் என்று பொருள்.

கோடே வேண்டாம் என்கிறது கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸின் வழி. இதையும் நமக்குச் சொல்பவர் புரோக்ளஸ்தான். முக்கோணம் கசட-வையும் முக்கோணம் கடச-வையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே முக்கோணம்தான், இரண்டாம் முறை இடவலம் மாற்றிப் படிக்கிறோம். கச = கட. கட = கச. கோணம் க பொது. ப-கோ-ப விதிப்படி கசட, கடச சர்வசமம். ஆகவே கோணம் ச = கோணம் ட. அவ்வளவுதான்.

முதல் முறை இதைக் கேட்பவர்களின் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடும். "ஒரு முக்கோணத்தை அதனோடேயே ஒப்பிட்டால் புதிதாக என்ன சார் கிடைக்கும்?" நல்ல கேள்வி. கசட-வை கசட-வோடு ஒப்பிட்டால் ஒன்றும் கிடைக்காதுதான். ச-வின் ஜோடி ச-வே. கடச-வோடு ஒப்பிடும்போது ச-வின் ஜோடி ட. எழுத்துகளின் வரிசையை மாற்றியதைத் தவிர அந்த நிரூபணத்தில் வேறு வேலையே இல்லை. யூக்ளிட் இதே தேற்றத்துக்குப் பக்கங்களைக் கீழே நீட்டி, புதுப் புள்ளிகள் வைத்து, இரண்டு ஜோடி முக்கோணங்களைச் சர்வசமம் என்று காட்டி, அதன் பிறகுதான் முடிவுக்கு வருகிறார். அந்த 5-வது முன்மொழிவுக்குக் 'கழுதைகளின் பாலம்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

தேர்வில் மிரள வைப்பவை, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் முக்கோணங்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். முக்கோணம் கசட, அதில் கோணம் க 120 டிகிரிக்குக் குறைவு. கச-வின் வெளிப்புறத்தில் கசப என்ற சமபக்க முக்கோணம், கட-வின் வெளிப்புறத்தில் கடற என்ற சமபக்க முக்கோணம். பட = சற என்று நிரூபிக்க வேண்டும். படத்தில் பட, சற இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டு கிடக்கும். எந்த முக்கோணங்களைப் பார்ப்பது என்றே முதலில் தெரியாது.

இங்கே பின்னாலிருந்து வர வேண்டும். பட-வைப் பக்கமாகக் கொண்ட ஒரு முக்கோணமும், சற-வைப் பக்கமாகக் கொண்ட ஒரு முக்கோணமும் தேவை. மூன்றாவது முனைக்கு இரண்டுக்கும் பொதுவாகத் தெரிவது க. ஆகவே கபட, கசற. இந்த இரண்டையும் படத்திலிருந்து பிய்த்தெடுத்துப் பக்கத்தில் தனித்தனியாக வரைந்துகொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் பாதிக் கணக்கு முடிந்துவிடும். கப = கச, ஏனென்றால் கசப சமபக்க முக்கோணம். கட = கற, அதே காரணம். கோணம் பகட என்பது 60 டிகிரியும் கோணம் க-வும் சேர்ந்தது. கோணம் சகற-வும் அப்படியே. ப-கோ-ப. பட = சற.

எழுத்து வரிசையை மீண்டும் பாருங்கள். கபட, கசற: க அசையவில்லை, ப போய் ச ஆனது, ட போய் ற ஆனது. க-வை மையமாக வைத்து 60 டிகிரி சுழற்றினால் முதல் முக்கோணம் இரண்டாவதாகிவிடும். கேட்டது நீளம் சமமா என்று மட்டும்தான். ஆனால் பட-வை 60 டிகிரி சுழற்றியதுதான் சற என்பதால், அவை வெட்டிக்கொள்ளும் கோணமும் 60 டிகிரி என்பது இலவசமாகக் கிடைக்கிறது. ஜோடியைச் சரியாக எழுதியவருக்கு மட்டுமே இது கண்ணில் படும்.

ஜோடி சரியாக இருந்தும் முடிவு கவிழ்ந்துபோகும் இடம் ஒன்று உண்டு. எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே என்று 'நிரூபிக்கும்' பழைய விளையாட்டு அது. முக்கோணம் கசட-வில் கோணம் க-வின் இருசமவெட்டியும், சட-வின் மையக்குத்துக்கோடும் (நடுப்புள்ளியில் நிற்கும் செங்குத்து) த-வில் சந்திக்கட்டும். த-விலிருந்து கச-வுக்குத் தப என்ற செங்குத்து, கட-வுக்குத் தற என்ற செங்குத்து. கோ-கோ-ப விதிப்படி கதப, கதற சர்வசமம்; ஆகவே கப = கற, தப = தற. மையக்குத்துக்கோட்டின் மேல் இருப்பதால் தச = தட. செ-க-ப விதிப்படி தபச, தறட சர்வசமம்; ஆகவே பச = றட. கூட்டினால் கச = கட. எந்த முக்கோணத்தில் தொடங்கினாலும்!

மாணவர்கள் சர்வசம வரிகளைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள். அவற்றில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் படத்தில். த முக்கோணத்துக்கு உள்ளே இருப்பதாகக் கையால் வரைந்து நம்பிவிடுகிறோம். பக்கங்கள் சமமில்லாதபோது த எப்போதும் வெளியே, முக்கோணத்தின் சுற்றுவட்டத்தின் மேல் இருக்கும். செங்குத்துகளில் ஒன்றின் அடி பக்கத்தின் மேலும், மற்றதன் அடி பக்கத்தின் நீட்சியிலும் விழும். கச = 10, கட = 6 என்று வையுங்கள். கப-வும் கற-வும் 8. பச-வும் றட-வும் 2. ஒரு பக்கம் 8 + 2, மறுபக்கம் 8 − 2. கூட்டல் குறி ஒன்று கழித்தல் குறியாக வேண்டும், அவ்வளவுதான். ஸ்கேலும் காம்பஸும் கொண்டு ஒழுங்காக வரைந்தவர்கள் முதல் வரியிலேயே தப்பித்துவிடுவார்கள். கையால் வரைந்த படத்தை நம்பாதே என்று அறிவுரை சொல்வதைவிட இந்த ஒரு கணக்கைக் கொடுத்துவிடுவது மேல்.

வடிவொத்த முக்கோணங்களுக்கு வந்தால் ஜோடித் தவறு எண்ணாகவே வெளியே தெரிந்துவிடும். முக்கோணம் கசட-வில், கச-வின் மேல் ப, கட-வின் மேல் ற; பற, சட-வுக்கு இணை. கப = 4, பச = 2, பற = 6 என்றால் சட எவ்வளவு? ஒரு மாணவியின் தாளில் படம் அச்சுப்போல இருந்தது. இணைகோடுகளுக்கு அம்புக்குறி, அளவுகள் எல்லாம் அந்தந்த இடத்தில். கீழே 4/2 = 6/சட, ஆகவே சட = 3, விடையைச் சுற்றி இரட்டைக் கட்டம். அந்தக் கட்டத்துக்கு மேலே அவரே வரைந்த படத்தில் சட-வோ பற-வைவிட நீளமாகக் கிடக்கிறது. 6 செ.மீ. கோட்டுக்குக் கீழே முக்கோணம் விரிந்துகொண்டே போய் 3 செ.மீ. ஆகிறது!

என்ன நடந்தது என்றால், கப/பச = கற/றட என்ற தேல்ஸ் தேற்றம் முந்தைய பாடம். அதன் ஓசை காதில் இருக்கிறது. ஆனால் பச என்பது எந்த முக்கோணத்தின் பக்கம்? வடிவொத்தவை கபற, கசட. இந்த வரிசையை எழுதிவிட்டால் கப-வுக்கு இணை கச, பற-வுக்கு இணை சட; பச அந்தப் பட்டியலிலேயே இல்லை. 4/6 = 6/சட, சட = 9. "வடிவொத்தவை" என்ற வரியை முறையாக எழுதிவிட்டு அதிலிருந்தே விகிதத்தை எடுத்திருந்தால் 2 உள்ளே நுழைய வழியே இருந்திருக்காது.

அந்தத் தேல்ஸ் தேற்றத்தின் நிரூபணத்தை அவசரமாகக் கடந்துவிடுவதும் எனக்குக் குறைதான். பக்கத்தைச் சம துண்டுகளாக வெட்டி எண்ணிக் காட்டும் வழி, விகிதம் பின்னமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். 2-இன் வர்க்கமூலம் போன்ற விகிதம் வந்தால் எந்தத் துண்டும் இரண்டிலும் சரியாக அடங்காது. யூக்ளிட் ஆறாம் புத்தகத்தின் 2-வது முன்மொழிவில் இதைப் பரப்பளவால் தாண்டுகிறார். சற, பட இரண்டையும் சேருங்கள். பறச, பறட என்ற முக்கோணங்களுக்கு அடிப்பக்கம் பற பொது; எதிர்முனைகள் ச, ட இரண்டும் பற-வுக்கு இணையான கோட்டில் இருக்கின்றன. ஆகவே பரப்பு சமம். கபற-வின் பரப்புக்கும் பறச-வின் பரப்புக்கும் உள்ள விகிதம் கப : பச, ஏனென்றால் ற-விலிருந்து இரண்டுக்கும் ஒரே குத்துயரம். அதேபோல கபற-வுக்கும் பறட-வுக்கும் உள்ள விகிதம் கற : றட. பரப்புகள் சமமாதலால் விகிதங்களும் சமம். துண்டு எதையும் எண்ணவில்லை.

ஜோடி சேர்க்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல களம் செங்கோண முக்கோணம். கோணம் க செங்கோணம்; க-விலிருந்து கர்ணம் சட-வுக்குக் கத என்ற செங்குத்து. பெரிய முக்கோணமும் இரண்டு குட்டி முக்கோணங்களும் ஆக மூன்றும் வடிவொத்தவை. இடதுபுறக் குட்டியில் செங்கோணம் த-வில், பெரியதோடு பொதுவான கோணம் ச-வில், மிச்சம் க. ஆகவே கசட, தசக. வலதுபுறக் குட்டியில் செங்கோணம் த, பொதுக்கோணம் ட. ஆகவே கசட, தகட. செங்கோணத்தை முதலில் எழுது, பொதுக்கோணத்தை அதன் இடத்தில் வை, மீதியை நிரப்பு. வேறு தந்திரம் எதுவும் வேண்டாம். முதல் வரியிலிருந்து கச/தச = சட/சக, அதாவது கச² = சத × சட. இரண்டாவதிலிருந்து கட² = தட × சட. கூட்டினால் கச² + கட² = சட × (சத + தட) = சட². பிதாகரஸ் தேற்றம், இரண்டு வரி எழுத்து வரிசையிலிருந்து.

சர்வசமத்தையும் வடிவொப்புமையையும் அண்ணன் தம்பி போல அடுத்தடுத்த பாடங்களில் வைக்கிறோம். விகிதம் 1 ஆனால் சர்வசமம், இல்லாவிட்டால் வடிவொத்தவை என்று ஒரு வரியில் உறவும் சொல்லிவிடுகிறோம். தவறில்லை. ஆனால் அடித்தளத்தில் இரண்டும் வெகு தூரம். யூக்ளிட் இணைகோடுகள் பற்றிய தமது ஐந்தாம் அடிகோளை முதல் புத்தகத்தின் 29-வது முன்மொழிவில்தான் முதன்முறையாகத் தொடுகிறார். சர்வசம விதிகளெல்லாம் 26-க்குள் முடிந்துவிட்டன. அதாவது அவற்றுக்கு இணைகோடுகளைப் பற்றிய எந்த நம்பிக்கையும் தேவைப்படவில்லை. இரண்டு கோணங்கள் சமமானால் வடிவொத்தவை என்னும் கோ-கோ விதிக்கோ அது இல்லாமல் மூச்சே கிடையாது. இரண்டு கோணங்கள் சமமென்றால் மூன்றாவதும் சமம் என்கிறோம்; அதற்குக் கோணங்களின் கூடுதல் 180 என்பது வேண்டும்; அதற்கு இணைகோடுகள் வேண்டும்.

ஒரு கோளத்தின் மேல் வரைந்து பார்த்தால் வித்தியாசம் புரியும். துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்குக் கால் வட்டம் தள்ளித் தள்ளி இரண்டு தீர்க்கக்கோடுகளை இறக்கினால் மூன்று கோணங்களும் 90 டிகிரியான முக்கோணம் கிடைக்கும். கோளத்தின் பரப்பில் எட்டில் ஒரு பங்கு. அதே மூன்று கோணங்களோடு இதைவிடச் சிறியதாகவோ பெரியதாகவோ இன்னொன்றை அந்தக் கோளத்தின் மேல் வரையவே முடியாது. அங்கே கோ-கோ-கோ சமம் என்றாலே சர்வசமம். வடிவொத்த ஆனால் அளவு வேறான முக்கோணங்கள் என்ற இனமே அங்கே இல்லை. 8, 12, 18 போன்ற இரட்டைகளுக்கும் இடமில்லை.

ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1663-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் ஐந்தாம் அடிகோளை நிரூபித்துவிட்டதாகக் காட்டினார். அவர் கூடுதலாக வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: எந்த வடிவத்துக்கும், விரும்பிய அளவில், அதே வடிவம் கொண்ட இன்னொன்று உண்டு. நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அது ஐந்தாம் அடிகோளுக்கு ஈடான கூற்று. ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கிக்கொண்டார். பெரிதாக்கவும் சிறிதாக்கவும் முடியும் என்ற நம் சாதாரண நினைப்புக்குள் இணைகோடுகள் ஒளிந்திருக்கின்றன என்பது அவருடைய முயற்சியால் தெரிந்தது.

ஆகவே பாடத்திட்டம் எப்படி அமைந்திருந்தாலும், சர்வசம விதிகளின் பட்டியலுக்குக் கீழே ஆறாவதாகக் கோ-கோ என்று ஒட்டி எழுத நான் விடுவதில்லை. இடையில் இணைகோடுகளை வைத்து ஒரு வகுப்பாவது எடுத்து, 180 டிகிரி எங்கிருந்து வருகிறது என்று ஒன்றுவிட்ட கோணங்களைக் கொண்டு காட்டிய பிறகுதான் அந்த விதியைப் பலகையில் எழுதுவேன்.